ஷெட்டில் நிற்கும் காரும் ஊரில் இல்லாத ஓனரும்

பழைய காரை ஓடவைப்பது மெக்கானிக்கின் வேலை. அந்தக் கார் யாருடையது என்று ஆர்.டி.ஓ. ஆபீசை நம்பவைப்பது என் வேலை. இரண்டில் எது கஷ்டம் என்று கேட்டால், எந்நேரமும் கிரீஸில் புரளும் என் பக்கத்துக் கடை வீராசாமியே என்னைப் பார்த்துத்தான் பரிதாபப்படுவான்.

நெய்வேலி டவுன்ஷிப் பஜாரில் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, பின்னால் ஒரு தகரக் கொட்டகை. இதுதான் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் என் ஆபீஸ். போர்டில் 'வாகனப் பெயர் மாற்றம், லைசென்ஸ்' என்று எழுதியிருக்கும். ஆர்.சி. புத்தகத்தைக் கரையானுக்குக் கொடுத்தவர்கள், செத்துப்போன பெரியப்பா பேரிலேயே வண்டி ஓட்டிக்கொண்டிருப்பவர்கள், வாங்கும்போது கையெழுத்து வாங்க மறந்துவிட்டு விற்றவரைத் தேடி ஊர் ஊராய் அலைந்தவர்கள் எல்லாரும் நம்ம கட்சிதான். உங்களுக்குத் தெரியாததை நான் ஒன்றும் சொல்லிவிடப் போவதில்லை.

எங்கள் ஊரில் இந்தத் தொல்லை கொஞ்சம் அதிகம். கோயம்புத்தூரிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் வேலைக்கு வந்தவர்கள், மாற்றலாகிப் போகும் அதிகாரியிடம் ஆசைப்பட்டு ஒரு பழைய காரை வாங்கிவிடுவார்கள். ஆனால் மைன்ஸுக்குப் போவதோ கம்பெனி பஸ்ஸில். கார் குவார்ட்டர்ஸ் ஓரத்து ஷெட்டில், வேப்பமரத்தடியில், வருஷக் கணக்கில் நிற்கும். ரிட்டயராகி குவார்ட்டர்ஸைக் காலி செய்யும்போதுதான் ஆர்.சி. புத்தகம் எங்கே என்று பீரோவைக் குடைவார்கள்.

அப்படி வந்ததில் தனலட்சுமி டீச்சரின் ஃபியட்தான் என்னை இன்றுவரை விடவில்லை. அதற்கு முன்னால் வேறு இரண்டைச் சொல்லிவிடுகிறேன். நேராக அங்கே போக எனக்குத் தெம்பில்லை.

பென்சில் படம்

நம்பர் பிளேட்தான் காருக்கு அடையாளம் என்று நினைப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள். அசல் அடையாளம் சேஸிஸில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில், குத்தியிருக்கும் எண். அதன்மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால், எண் தாளில் எழும்பி வரும். அந்தப் பென்சில் படத்தை ஒட்டாமல் எந்த விண்ணப்பமும் மேஜையை விட்டு நகராது.

ரிட்டயரான டாக்டர் ஒருவரிடம் ஆஸ்டின் ஒன்று இருந்தது. மனைவியைக் கடைசியாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது அதில்தான். அந்த அம்மா திரும்பி வரவில்லை, அதற்குப் பிறகு டாக்டர் அந்தக் காரைத் தொடவும் இல்லை. அனல்மின் நிலையத்துச் சாம்பலும் ஐப்பசி மழையும் சேர்ந்து அதன்மேல் சிமெண்ட் மாதிரி இறுகியிருந்தன. "நானே எடுக்கிறேன், நீ தள்ளு" என்று உப்புத்தாளை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். தேய்க்கத் தேய்க்கத் துரு செதில் செதிலாக உதிர்ந்தது. கடைசியில் எண் இருந்த இடத்தில் ஒரு ஓட்டைதான் இருந்தது. அதன் வழியாகத் தரை தெரிந்தது. டாக்டர் உப்புத்தாளைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"நாடி பார்க்கப் போனேன், கையே கழண்டு வந்துடுச்சுப்பா" என்றார்.

கரும்புக்குப் பாயும் என்ஜின்

அனல்மின் நிலையத்தில் ஒரு இளம் இன்ஜினியர். ஊர் நெல்லிக்குப்பம். அப்பா தவறிய பிறகு, வீட்டுக் கொல்லையில் நின்ற மோரிஸை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து என் கொட்டகையில் இறக்கினார். அப்பா ஞாபகமாக அதை ஓட்டிவிட வேண்டும் என்பது அவர் ஆசை. சின்ன வயதில் அதில் ஏறிப் பள்ளிக்கூடம் போனாராம். பிறகு ஒரு நாள் ரிப்பேர் என்று நின்றது, நின்றது நின்றதுதான். வீராசாமி பானெட்டைத் திறந்தான். உள்ளே என்ஜின் இல்லை. காய்ந்த வைக்கோலும் கோழி இறகும்தான் இருந்தன.

அவருடைய அம்மாவைக் கேட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. மகன் இன்ஜினியரிங் காலேஜில் சேர்ந்த வருஷம், அப்பா யாருக்கும் சொல்லாமல் என்ஜினை மட்டும் கழற்றி ஒரு கரும்பு விவசாயிக்குக் கொடுத்துவிட்டார். 'ரிப்பேர்' என்று லீவுக்கு வரும்போதெல்லாம் மகனிடம் சொன்னது அதைத்தான். ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் என்ஜின் எண் வேண்டுமே, நானும் இன்ஜினியரும் அந்தத் தோட்டத்துக்குப் போனோம். கிணற்று மேட்டில், கீற்றுக்கூரைக்குக் கீழே, பழைய மோரிஸ் என்ஜின் பம்பை இழுத்துக்கொண்டு ஓடியது. எண் அப்படியே இருந்தது. நான் பென்சில் படம் எடுத்தேன். இன்ஜினியர் என்ஜினைக் கேட்கப் போகிறார் என்று பயந்து விவசாயி தள்ளியே நின்றார். இன்ஜினியர் கேட்கவில்லை. வாய்க்காலில் கையை நனைத்துக்கொண்டு நின்றார். அப்போதுதான் விவசாயிக்குத் தைரியம் வந்தது.

"ஒங்க அப்பாரு அப்பப்ப வருவாருங்க. தண்ணி பாயும்போது தோ அந்த வரப்பு மேல குந்திக்கினு, இன்ஜின் ஓடற சத்தத்த கேட்டுக்கினே இருப்பாரு. அப்பறம் ஒண்ணும் பேசாம எழுந்து போயிடுவாருங்க" என்றார்.

பேர் சொல்லாத டீச்சர்

இனி டீச்சர். டவுன்ஷிப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், ஈரோட்டுப் பக்கம். வீட்டுக்காரர் சுரங்கத்தில் சர்வேயர். குழந்தைகள் இல்லை. ரிட்டயராக ஒரு வருஷம் இருக்கும்போது என் கடைக்கு வந்தார். ஷெட்டில் வீட்டுக்காரரின் ஃபியட் நிற்கிறது, குவார்ட்டர்ஸைக் காலி பண்ணும்போது அதைத் தம்பி வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும், அதற்குத் தன் பேருக்கு மாற்ற வேண்டும் என்றார்.

"சார் பேர் என்னங்க டீச்சர்?" என்று கேட்டேன். டீச்சர் ஆர்.சி. புத்தகத்தைத் திருப்பி என் பக்கமாகத் தள்ளினார். நாச்சிமுத்து என்று இருந்தது. புருஷன் பேரை வாயால் சொல்லாத பெண்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கணக்கு டீச்சரும் அப்படித்தான் என்பதில் எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்தது. "சாரை ஒரு நாள் வந்து கையெழுத்துப் போடச் சொல்லுங்க, முடிஞ்சுது" என்றேன். டீச்சர் புத்தகத்தை எடுத்துப் பைக்குள் வைத்தார். மறுநாள் வந்து காரைப் பார்க்கச் சொல்லிவிட்டுப் போனார்.

போனேன். தார்ப்பாய்த் துணியில் அளவெடுத்துத் தைத்த உறை. முன்பக்கம் மட்டும் பானெட் வரைக்கும் சுருட்டிவிட்டார். பானெட்டைத் திறந்தால், உள்ளே ஒரு பொட்டுத் துரு கிடையாது. எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருந்தார். இத்தனை வருஷத்தில் இவ்வளவு சுத்தமாக ஒரு பென்சில் படம் எனக்குக் கிடைத்ததில்லை. அதைச் சொன்னபோதுதான் டீச்சர் பேசினார். பல வருஷங்களுக்கு முன்னால் தைப்பூசத்தன்று சார் வடலூருக்கு ஜோதி பார்க்கப் போனார். சண்டை இல்லை, கடன் இல்லை, உடம்புக்கு ஒன்றும் இல்லை. போனவர் வரவில்லை. போலீஸில் எழுதிக் கொடுத்தார்கள், பேப்பரில் போட்டோ போட்டார்கள். சாமியாராகப் போய்விட்டார் என்று சிலர், காசியில் பார்த்தேன் என்று ஒருவர். கம்பெனி அவர் பேரை எடுத்துவிட்டது. டீச்சர் வேலையின் பேரில் குவார்ட்டர்ஸ் மட்டும் நிலைத்தது. நான் பென்சிலைப் பையில் போட்டுக்கொண்டு, கார் எப்படித் தப்பியது என்று ஏதோ கேட்க வேண்டுமே என்று கேட்டுவைத்தேன்.

"கூட்டத்துல வண்டிய எங்க நிறுத்தறது, பஸ்லயே போயிட்டு வந்தர்றேன்னு சொல்லிட்டுப் போனாருங்க" என்றார் டீச்சர்.

இரண்டே வழி

காரின் பேரை மாற்ற இரண்டே வழி. ஒன்று, சொந்தக்காரர் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு, சொந்தக்காரர் இறந்துவிட்டார் என்று காட்டி வாரிசு பேருக்கு மாற்ற வேண்டும். காணாமல் போனவருக்கு மூன்றாவது வழி கிடையாது. ஏழு வருஷம் தகவலே இல்லையென்றால், கோர்ட்டில் மனு போட்டு அவரை இறந்தவராக ஏற்றுக்கொள்ளச் செய்யலாம். மனு போடுவதற்கு மனைவிதான் எழுதிக் கொடுக்க வேண்டும். டீச்சர் மறுபடி கடைக்கு வந்தபோது, இதை எத்தனை மெதுவாகச் சொல்ல முடியுமோ அத்தனை மெதுவாகச் சொன்னேன். டீச்சரின் கை தன்னையறியாமல் நெற்றிப் பொட்டுக்குப் போய்த் திரும்பியது. எனக்கு மேஜைக்கு அடியில் புகுந்துகொள்ளலாம் போல் இருந்தது.

மாற்றாமல் விட்டால் என்ன ஆகும் என்று கேட்டார். குவார்ட்டர்ஸ் சாவியைத் திருப்பிக் கொடுக்கும்போது ஷெட்டும் காலியாக இருக்க வேண்டும். வேறு மாவட்டத்துக்குக் கொண்டுபோனால் வழியில் எவனாவது புத்தகத்தைக் கேட்பான். விற்கவும் முடியாது, கொடுக்கவும் முடியாது. அப்படியே விட்டால் நிர்வாகத்து ஆட்கள் இழுத்துப்போய் மற்ற பழைய இரும்போடு போட்டுவிடுவார்கள். இத்தனை வருஷம் துடைத்து வைத்த காரை அப்படி விட டீச்சருக்கு மனசில்லை. காரைக் காப்பாற்ற வேண்டுமானால் ஆளை விட வேண்டும், அவ்வளவுதான் விஷயம். வீராசாமி தன் கடையிலிருந்தே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். டீச்சர் போன பிறகு ஸ்பேனரும் கையுமாக வந்து நின்றான்.

"இன்னாங்க இது, வண்டிய எடுத்துக்கினு போவறதுக்கு அந்த அம்மா தாலிய கயட்டணுமா?" என்றான்.

மூன்றும் செத்து ஒன்று

டீச்சர் யோசித்துக்கொண்டிருந்த மாதங்களில் நடந்த இன்னொன்று. சுரங்கத்தில் ஓடித் தேய்ந்த ஜீப்புகளை ஏலம் விடுவார்கள். சேத்தியாத்தோப்பு ஆள் ஒருவர் மூன்றை எடுத்து, ஒன்றின் சேஸிஸ், இன்னொன்றின் என்ஜின், மற்றதன் மேல்கூடு என்று சேர்த்து ஒரே ஜீப்பாக ஆக்கிவிட்டார். நன்றாகவே ஓடியது. ஆனால் மூன்று எண்ணும் மூன்று விதம். பரிசோதனைக்கு வந்த இன்ஸ்பெக்டர் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, இது எந்த ஜீப் என்று ஒரே வார்த்தையில் சொல் என்றார்.

"மூணும் செத்துப்போயி ஒண்ணு பொழச்சிக்கிச்சுங்க. பொழச்சதுக்கு எழுதிக் குடுங்க, செத்தத கேக்காதீங்க" என்றார் அந்த ஆள்.

வரி கட்டியவர்

பள்ளிக்கூடத்தில் டீச்சருக்குப் பிரிவு உபசாரம் நடந்த வாரம். மாலையும் சால்வையும் போட்ட கையோடு கடைக்கு வந்து உட்கார்ந்தார். "எழுதிக் குடுத்தர்றேங்க" என்றார். நான் முதலில் ஆர்.டி.ஓ. ஆபீசில் ஃபைல் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு வருகிறேன், பிறகு வக்கீலிடம் போகலாம் என்றேன். ஒரு நாளாவது தள்ளிப்போகட்டுமே என்றுதான் அப்படிச் சொன்னேன்.

கிளார்க் எனக்கு நெடுநாள் பழக்கம். ஓனர் காணாமல் போய் ஏழு வருஷத்துக்கு மேல் ஆகிறது, கோர்ட்டில் மனு போடப் போகிறோம் என்று விவரம் சொன்னேன். அவர் ஃபைலை எடுத்துப் புரட்டினார், என்னை ஒரு மாதிரி பார்த்தார், மறுபடி புரட்டினார். பிறகு அதை அப்படியே என் பக்கம் திருப்பி வைத்தார். வருஷம் தவறாமல் அந்த ஃபியட்டுக்குச் சாலை வரி கட்டியிருந்தது. ஒவ்வொரு விண்ணப்பத்திலும் நாச்சிமுத்து என்று தெளிவாகக் கையெழுத்து. ஆர்.சி. புத்தகத்துக் கையெழுத்தேதான், சந்தேகமே வராது.

"ஏன்யா, போன வருஷம் வரி கட்டின மனுஷனை இந்த வருஷம் காணாமப் போனவர்ங்கறியே, நியாயமா?" என்றார் கிளார்க்.

டோக்கன்கள்

நேராக டீச்சர் வீட்டுக்குப் போனேன். சாமான்களைக் கட்டி வைத்திருந்தார்கள். விஷயத்தைச் சொன்னதும் அவர் பதறவில்லை. ஷெட்டுக்குக் கூட்டிப்போய் உறையை முழுவதும் எடுத்தார். முன் கண்ணாடியில் அந்த வருஷத்து வரி டோக்கன் ஒட்டியிருந்தது. அதற்கு அடியில் போன வருஷத்தது, அதற்கும் அடியில் அதற்கு முந்தையது, ஒன்றின் மேல் ஒன்றாகத் தடித்துப்போய் இருந்தது. வண்டி ஓடவில்லை, ஷெட்டில் நிற்கிறது என்று எழுதிக் கொடுத்தால் வரியே வேண்டியதில்லை. இது டீச்சருக்கும் தெரியும். அப்படி எழுத அவருக்கு மனசு வரவில்லை. சார் திரும்பி வந்து சாவியைப் போட்டதும் வண்டி ரோட்டில் இறங்க வேண்டாமா? அதனால் வருஷா வருஷம் பஸ் ஏறிப்போய், வாயால் சொல்லாத அந்தப் பேரைத் தன் கையால் எழுதி, வரியைக் கட்டிவிட்டு வந்திருக்கிறார். வீட்டுக்காரர் போட்டது போலவே.

"அப்ப, அவங்க ஆபீஸ்ல அவரு இருக்காருங்களா?" என்று கேட்டார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கத் தெரியவில்லை, திரும்பி நின்று வேப்பமரத்தைப் பார்த்தேன். பிறகு தொழில் புத்தியில் இன்னும் ஒரு வழி சொன்னேன். அத்தனை வருஷமும் கையெழுத்துப் போட்டது தான்தான் என்று டீச்சர் ஒத்துக்கொண்டு எழுதிக் கொடுத்தால், கோர்ட்டில் கெஞ்சிப் பார்க்கலாம். டீச்சர் உறையைக் கவனமாக இழுத்துவிட்டு, நாடாக்களை ஒவ்வொன்றாகக் கட்டினார்.

"கையெழுத்துப் போட்டது நான்னு எழுதறனுங்க, அது உண்மை. அவரு இல்லைன்னு எப்படிங்க எழுதறது, அது எனக்குத் தெரியாதே" என்றார்.

சாவி

தம்பி வீட்டு லாரி வந்தது. சாமான்கள் ஏறின. ஃபியட்டை நானும் வீராசாமியும் தள்ளிக்கொண்டு வந்து என் கொட்டகையில் விட்டோம். காத்து இறங்காத டயர், வழுக்கிக்கொண்டு வந்தது. டீச்சர் கூடவே நடந்து வந்தார். சாவியை என் கையில் வைத்து, மாதம் ஒரு முறை என்ஜினைத் துடைக்கச் சொன்னார். குவார்ட்டர்ஸுக்குப் புதிதாக வரப்போகிறவர்களிடமும் சொல்லி வைத்தாயிற்று என்றார். சார் வந்து கேட்டால் கார் இங்கே இருக்கிறது என்று அவர்கள் வழி காட்டுவார்கள்.

அதன் பிறகு வருஷா வருஷம் ஈரோட்டிலிருந்து கவர் வரும். உள்ளே வரி விண்ணப்பம், நாச்சிமுத்து என்ற கையெழுத்தோடு. நான் கட்டிவிட்டு டோக்கனைப் பழையதின் மேலேயே ஒட்டிவிடுவேன். வருஷத்துக்கு ஒரு தடவை வீராசாமி ஸ்டார்ட் செய்து பார்ப்பான். கிளார்க்கும் ஓனர் சவுக்கியமா என்று விசாரிப்பார். நானும் சவுக்கியம்தான் என்பேன். அதில் எனக்குக் கூச்சமே இருந்ததில்லை.

ஒரு வருஷம் கவர் வரவில்லை. காத்திருந்தேன். டீச்சரின் தம்பியிடமிருந்துதான் ஒரு கார்டு வந்தது. அக்கா போய்விட்டார், பொட்டோடு போனார், கடைசி வரைக்கும் காரைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார் என்று எழுதியிருந்தார். அன்று கடையைத் திறக்கப் பிடிக்கவில்லை. கொட்டகையில் போய் அந்தக் கார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வரி கட்டக் கடைசி நாள் நெருங்கியது. கட்டாமல் விட்டால் அந்த ஆபீஸிலும் நாச்சிமுத்து சார் காணாமல் போய்விடுவார். அந்த அம்மா இத்தனை வருஷம் பிடித்துவைத்திருந்த ஒருவரைக் கைவிட எனக்கு மனசு வரவில்லை. விண்ணப்பத்தை நானே நிரப்பி, ஆர்.சி. புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கையெழுத்தைப் போட்டேன். டீச்சருக்கு வந்த மாதிரி எனக்கு வரவில்லை. கிளார்க் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டு அதையே கொஞ்ச நேரம் பார்த்தார், என்னையும் பார்த்தார், பிறகு முத்திரையை எடுத்துக் குத்தினார்.

"உங்க ஓனருக்கு இந்த வருஷம் கை நடுங்குது போலிருக்கே, பார்த்துக்கச் சொல்லுய்யா" என்றார்.

எந்த வண்டி யாருடையது என்று ஊருக்கெல்லாம் நிரூபித்துக் கொடுத்தே காலம் தள்ளிவிட்டேன். என் கொட்டகையில் நிற்கும் வண்டி யாருடையது என்று மட்டும் யாரும் கேட்டுவிடாமல் இருக்க வேண்டும்.